தோருவின் தலைக்கயிறு

அன்புள்ள புருலுக்கு என் சலாம்.

நம் ஊர் நாரினில் நான் நலம். மாஸ்கோவில் உனக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாது. போனில் உன் குரலைக் கேட்டாலே எனக்கு வாய் அடைத்துப் போகிறது. அதனால் எழுதி, அங்கே வரும் உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

தோருவை விற்றுவிட்டேன். ஆமாம், உன் அப்பா சீராகக் கொடுத்த குதிரையைத்தான். எதை விற்றாலும் அதை விற்காதே என்று, வேலைக்குக் கிளம்பிப் பேருந்தில் ஏறும்போது சொன்னாய். என்ன செய்வேன், சொல்! இந்த வருஷம் பனி பேருக்குத்தான் விழுந்தது. மலை ஊற்று ஜூன் மாதமே வற்றிவிட்டது. மேய்ச்சல் மேட்டில் புல் கணுக்கால் அளவுகூட வளரவில்லை. தோருவின் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் சத்தார் வீட்டருகே இன்னும் ஓடை ஓடுகிறது, அவனுக்கே கொடுத்தேன். இப்போது ஆடுகளின் பின்னால் நடந்தே அலைகிறேன். முழங்கால் கெஞ்சுகிறது.

வழக்கப்படி தலைக்கயிற்றைக் கழற்றி வைத்துக்கொண்டேன். விற்ற குதிரையோடு வீட்டு பரக்கத்தும் செழிப்பும் போய்விடக் கூடாதே. கதவருகே ஆணியில், உன் தலைத்துணிக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால், வாசலில் வறண்ட தண்ணீர்த் தொட்டிக்குள் மூக்கை விட்டுக்கொண்டு தோரு நிற்கிறது! கணவாயைத் தாண்டித் தனியாக வந்திருக்கிறது. கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரிக்காதே. தேநீருக்கு வைத்திருந்த தண்ணீரை அதற்கே ஊற்றினேன்.

மதியம் சத்தார் வந்துவிட்டான். "யோவ் அசன்குல், குதிரைய வித்தியா, இரவல் குடுத்தியா? கயித்த நீ வச்சிக்கிட்டா அது எப்படிய்யா என் வீட்ல தங்கும்?" என்று கத்தினான். ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து, நானே தோருவுக்கு மாட்டி, அவன் கையில் கொடுத்தேன். எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கொடுத்ததில்லை. ஆனால் புல் அங்கேதானே இருக்கிறது.

அதன் பிறகு அது வரவில்லை. நல்லதுதான். இருந்தாலும் தினமும் தொட்டிப் பக்கம் பார்க்கிறேன்.

ரொட்டி சுடக் கற்றுக்கொண்டேன். நாயே யோசித்துத்தான் தின்கிறது. வீட்டில் பேச அது ஒன்றுதான் இருக்கிறது.

குளிர்கிறது, தலைத்துணியை அனுப்பு என்று கேட்டிருந்தாய். உன் தம்பியும் கேட்டான், இல்லையென்று சொல்லிவிட்டேன். அங்கேயே நல்ல கம்பளித் துணியாக ஒன்று வாங்கிக்கொள். போன இடத்தில் அல்லா உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். அந்தத் துணியை மட்டும் மறுபடி கேட்காதே, புருல். கொடுக்க மாட்டேன்.

உன்
அசன்குல்