எழுபத்துமூன்றாவது சிறகி

தண்ணீரூற்று,
முல்லைத்தீவு.
16 டிசெம்பர்

மதிப்புக்குரிய சுதாஜினி அவர்களுக்கு,

நீங்களும் கணவரும் பிள்ளைகள் இருவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே மழை ஓய்ந்து இரண்டு நாளாக நல்ல வெயில். என் கையெழுத்து உங்களுக்குப் புதிது. முகத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். முகப்புத்தகத்தில் உங்கள் அப்பாவோடு சேற்றில் இருந்து சிரிக்கிற பொம்பிளை நான்தான். பெயர் பத்மாசனி. வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் தபாற்கந்தோரில் வேலை செய்து இளைப்பாறியவள். கலியாணம் செய்யவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை, அமையவில்லை, அவ்வளவுதான்.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பீர்கள். சித்திரையில் அப்பா உங்களுக்கு மோர்மிளகாயும் ஒடியலும் அனுப்பினார் அல்லவா? அந்தப் பெட்டியைக் கட்டி முகவரி எழுதியது நான். என் தொழிலில் இருந்தவர்களுக்கு ஒருமுறை எழுதிய முகவரி மறக்காது. இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் கோபிப்பார். நீங்களும் கோபிக்கலாம். ஆனாலும் நடந்ததை நடந்தபடி ஒருவர் உங்களுக்குச் சொல்லவேண்டும், அப்பா சொல்லமாட்டார்.

எங்களிடம் பறவை பார்க்கிற ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. ஆறு பேர். யதுர்ஷிகா என்ற உயிரியல் ஆசிரியைதான் தலைவி. மாரி தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாடகை வானைப் பிடித்துக்கொண்டு குளம் குளமாகத் திரிவோம். வெளிநாட்டிலிருந்து வரும் பறவைகளை எண்ணி எழுதுவதுதான் வேலை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. இளைப்பாறிய பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் போனவள், இப்போது விடமுடியாமல் திரிகிறேன்.

போன வருட வெள்ளத்தில் உங்கள் பள்ளக்காணி மூழ்கியது உங்களுக்குத் தெரியும். நாங்கள் கல்மடுக் குளத்துக்குப் போகும் வழியில் அந்தக் காணியில் பறவைகளைக் கண்டு வானை நிறுத்தினோம். பயிர் அழுகிப் போன தண்ணீருக்குள், சிறகி என்கிற காட்டுவாத்தும் மற்றதுமாக நூற்றுக்கணக்கில் நின்றன. எண்ணத் தொடங்கிய நேரம், வரம்பால் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஒரு கையில் சீனவெடி, மற்றக் கையில் நெருப்புப்பெட்டி. அதுதான் உங்கள் அப்பா.

“கொஞ்சம் பொறுங்கோ, எண்ணி முடியட்டும்” என்று கத்தினேன். “என்ரை பயிரைத் தின்னுறதை நான் எண்ணிப்போட்டன், நீங்கள் என்னத்தை எண்ணுறியள்?” என்றார். எனக்கும் வாய் சும்மா இராது. சிறகி தின்னும், அது உண்மை; ஆனால் முன்னுக்கு நிற்கிற இந்தச் சின்னது உள்ளான், அது நெல்லைத் தொடாது, சேற்றுப் புழுவைத்தான் தேடுகிறது, வேண்டுமென்றால் பாருங்கோ என்று என் பைனாக்குலரை நீட்டினேன். வாங்கமாட்டார் என்று நினைத்தேன். வாங்கினார். பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். வானில் இருந்தவர்கள் ஹோன் அடித்தும் தரவில்லை.

பிறகு, “உது எங்கையிருந்து வருது?” என்று கேட்டார். ரஷ்யப் பக்கத்திலிருந்து என்றேன். “அவ்வளவு தூரம் பறந்து வந்தோ என்ரை அழிஞ்ச வயலிலை நிக்குது?” என்றார். வெடியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வரம்பில் குந்தினார். அந்தப் போகம் அவருக்கு ஒரு மூட்டையும் தேறவில்லை. ஆனாலும் அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீ ஊற்றித் தந்தார். சீனிதான் கொஞ்சம் கூடிவிட்டது.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. விடியக் குளக்கட்டுக்குப் போய் எண்ணிவிட்டு எனக்குப் போனில் கோல் எடுப்பார். “ரீச்சர், சிறகி நூற்றிப் பன்னிரண்டு. நேற்றையிலும் நாலு குறையுது. எங்கை போயிருக்கும்?” என்று, பட்டிக்குத் திரும்பாத மாட்டைத் தேடுகிற மாதிரிக் கேட்பார். நான் ஒருநாளும் படிப்பித்ததில்லை. கண்ணாடி போட்ட பொம்பிளை எல்லோரும் அவருக்கு ரீச்சர். நானும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; ஊரைச் சொல்லித் தர்மபுரத்தார் என்பேன். அவர் சொல்வதைக் கொப்பியில் எழுதிக்கொள்வேன். சில நாளில் எண்ணிக்கையில் சண்டை வரும். அவர் மூட்டை எண்ணுகிற மாதிரிப் பத்துப் பத்தாக எண்ணுவார்; நான் முத்திரை எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாக எண்ணுவேன். கடைசியில் பெரும்பாலும் அவர்தான் சரி.

இனி அந்தப் படம். இந்த மாதம் முதலாம் ஞாயிறு, கல்மடுக் குளத்தின் வடக்குக் கரை. சிறகிக் கூட்டத்தை எண்ணிக்கொண்டே தண்ணீர் ஓரமாக நகர்ந்த நான் சேற்றில் புதைந்துவிட்டேன். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். எண்ணிக்கை விட்டுப்போகக்கூடாதே என்று, புதையப் புதைய எண்ணிக்கொண்டே நின்றேன். அப்பா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். “எழுபத்திரண்டு, எழுபத்திமூண்டு” என்று நான் கத்த, அவர், “ரீச்சர், முதல்லை உங்கடை காலை எண்ணுங்கோ, ரெண்டும் கிடக்கோ எண்டு!” என்றார். அதோடு எனக்குச் சிரிப்பு வந்து பலம் போய்விட்டது. இரண்டு பேரும் தொப்பென்று சேற்றுக்குள் விழுந்தோம். என் இடது செருப்பு இப்போதும் அந்தக் குளத்தில்தான். யதுர்ஷிகா அந்த நேரம் படம் எடுத்துவிட்டாள். அவளுக்கு அதில் கூடாதது ஒன்றும் தெரியவில்லை, போட்டுவிட்டாள். கீழே யார் யாரோ என்னென்னவோ எழுதினார்கள். அதைப் பார்த்ததும் அவள் படத்தை நீக்கிவிட்டாள், ஆனால் அதற்குள் உங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அடுத்த நாள் அப்பா கோல் எடுத்தார். எண்ணிக்கை சொல்லவில்லை. “ரீச்சர், இனி நான் வரேல்லை. படத்தைப் பாத்திட்டுப் பிள்ளை ராத்திரி ஏசினவள், அவளுக்கு நோகுது. நீங்கள் குறை நினைக்காதேங்கோ” என்றார். நான், “ஓம், பிள்ளைதான் முக்கியம்” என்றேன். அதை மனதாரச் சொன்னேன். இன்றைக்கும் அதுதான் என் எண்ணம்.

ஆனால் அவர் குளத்துக்கே போகாமல் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. யதுர்ஷிகா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். காலையில் எழும்பித் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறாராம். வயலைக் கூலிக்காரன் பார்க்கிறானாம். சாப்பாடு கடையிலாம். வரம்பைக் கூலிக்காரனிடம் விடுகிற மனிதரா உங்கள் அப்பா? அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒன்று சொல்லவேண்டும். போன ஜனவரி நாயாற்றுக்கு அவரைக் கூட்டிப் போனோம். கடலேரி முழுக்கப் பூநாரை, தண்ணீரே இளஞ்சிவப்பாகக் கிடந்தது. எல்லோரும் சத்தம் போட்டோம். அவர் மட்டும் பைனாக்குலரைக் கீழே இறக்கினார். கொஞ்ச நேரத்தால், “நேசம் இருந்தா இதைப் பாத்து என்ன சொல்லியிருப்பா எண்டு யோசிக்கிறன்” என்றார். பிறகு அரை மணித்தியாலம் உங்கள் அம்மாவைப் பற்றித்தான் கதைத்தார். அவ காகத்துக்குச் சோறு வைக்கிறபோது தனித்தனியே பெயர் சொல்லிக் கூப்பிடுவாவாமே, கால் நொண்டின காகத்துக்கு ‘விதானையார்’ என்று பெயராமே? எனக்குக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. அம்மாவை நான் கண்டதில்லை, பிள்ளை. ஆனால் அப்பாவோடு குளக்கட்டில் நிற்கிற ஒவ்வொரு நாளும் அவவும் கூட நிற்கிறா என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நான் கால் வைக்க நினைத்ததில்லை.

ஜனவரி மூன்றாம் ஞாயிறு நாயாற்றில் இந்த வருடக் கணக்கெடுப்பு. பாலத்துக்குக் கிழக்கே அப்பாவின் பகுதி. அவர் அளவுக்கு யாராலும் அதை எண்ண முடியாது. ஒரு சொல் சொல்லி அவரைப் போகவிடுங்கள். உங்களுக்கு மனக்கஷ்டம் என்றால் நான் மேற்குக் கரையில் நின்று எண்ணுகிறேன். நாயாறு பெரிய நீர். அங்கே நிற்கிறவரை இங்கேயிருந்து முகம் தெரியாது.

உங்கள் குடும்பத்துக்கு எந்தக் குறையும் வராமல் பிள்ளையார் காக்கட்டும்.

இப்படிக்கு,
வணக்கத்துடன்,
க. பத்மாசனி


தண்ணீரூற்று,
21 ஜனவரி

அன்புள்ள சுதாஜினிப் பிள்ளைக்கு,

பொங்கல் முடிந்து எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே பனி கொட்டுகிறதாம், அப்பா சொன்னார். சின்னவனுக்குக் காதை மூடிக் கட்டுங்கள்.

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. தபாற்காரரின் சைக்கிள் மணி கேட்டுச் செருப்பும் போடாமல் வாசலுக்கு ஓடினேன். முப்பது வருடம் மற்றவர்களின் கடிதங்களில் முத்திரை குத்தினவள். எனக்கு வெளிநாட்டிலிருந்து வந்த முதல் கடிதம் உங்களுடையதுதான். மன்னிப்பு எல்லாம் எதற்கு? உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அந்தப் படத்தைப் பார்த்துக் கத்தியிருப்பேன். ஆனால் அதற்குள் இங்கே நடந்தது ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

ஞாயிறு விடிய நான் சொன்னபடி மேற்குக் கரைக்குப் போய்விட்டேன். அப்பா வருவாரா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. உங்களிடமிருந்து அதுவரை எனக்கு ஒரு செய்தியும் இல்லை. பைனாக்குலரைப் பூநாரைப் பக்கம் திருப்பவேண்டியவள், பாலத்து றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழரை மணிக்குப் புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பஸ் வந்து நின்றது. வெள்ளைச் சட்டையும் தோளில் ஒரு துவாயுமாக ஒருவர் இறங்கினார். பத்துப் பத்தாக எண்ணத் தொடங்கிவிட்டார் என்பது, அவர் விரல் மடக்குவதிலேயே தெரிந்தது. நான் திரும்பி என் பக்கத்தை எண்ணினேன். நாற்பத்தொரு ஆலா, ஒரு கூழைக்கடா. வேறொன்றும் இல்லை என் கரையில்.

கொஞ்ச நேரத்தால் போன் அடித்தது. “ரீச்சர், நீங்கள் உங்கை நிண்டு என்ன செய்யிறியள்? பூநாரை எல்லாம் இஞ்சாலை நிக்குது!” நான் மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.  அவர், “அவள்தான் ராத்திரிக் கோல் எடுத்தவள். ரீச்சரைத் தனிய விடாதேங்கோ எண்டு சொன்னவள்” என்றார்.

நான் உடனே ஒரு மீன்பிடி வள்ளத்துக்குக் கைகாட்டினேன். அதற்கும் போனிலேயே ஏச்சு. “வள்ளத்திலை வராதேங்கோ, எல்லாம் எழும்பிப் பறந்திடும். பாலத்தாலை சுத்தி வாங்கோ!” முக்கால் மணித்தியாலம் நடந்தேன், பிள்ளை. வெயில் ஏறிவிட்டது. நான் போய்ச் சேர அவர் தன் புட்டுப் பார்சலில் பாதியை எனக்கு வைத்திருந்தார். சம்பலை மட்டும் முழுக்கச் சாப்பிட்டுவிட்டார். பூநாரை அவர் கணக்கில் ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து, என் கணக்கில் ஆயிரத்து நானூற்று அறுபது. யதுர்ஷிகா அவருடையதை எழுதினாள். நான் வாதாடவில்லை. அன்றைக்கு எனக்கு எந்த எண்ணும் சரிதான்.

இப்போது விடியக் கோல் வருகிறது. நேற்றுக் கல்மடுவில் சிறகி தொண்ணூற்றாறு. வயலுக்கும் இறங்கிவிட்டார், கூலிக்காரனுக்கு நல்ல ஏச்சாம். கடைச் சாப்பாட்டை விட்டுவிட்டார். நானும் யதுர்ஷிகாவும் போய்க் குசினியைக் கழுவிக் கொடுத்தோம். அம்மாவின் படத்துக்கு அவரே பூ வைத்திருந்தார். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தூசு தட்டினேன்.

உங்கள் கடிதத்தில் கடைசியாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நாலு தரம் வாசித்தேன். அப்பா என்னிடம் கலியாணம் என்று ஒன்றும் கேட்கவில்லை, பிள்ளை. கேட்பாரா என்றும் தெரியாது. அவருக்கு நெல்லையும் பறவையையும் தவிர வேறொன்றும் கதைக்க வராது. கேட்டால், அவருக்குப் பதில் சொல்லுமுன் உங்களுக்குத்தான் முதலில் எழுதுவேன். கடிதம் வந்து சேரப் பதினைந்து நாள் எடுக்கும். இந்த வயதுவரை இருந்துவிட்டேன், பதினைந்து நாள் இருக்கமாட்டேனா?

உங்கள் பதிலை மட்டும் தபாலில் போடாதீர்கள். கோல் எடுங்கள்.

நீங்களும் உங்கள் வீடும் நிறைந்திருக்க,
அன்புடன்,
பத்மாசனி