பதினோராவது பொட்டு

என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் சௌக்கியம். உங்கள் தம்பியும் சௌக்கியம். சௌக்கியமாக இருப்பதால்தான் ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டு திரிகிறார். அங்கே உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கிடங்கில் பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு வலி என்று மகளிடம் சொன்னீர்களாம். என்னிடம் சொல்லவில்லை. அதைத் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

இதைப் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் ஆரம்பித்தால் இரண்டாவது வரியிலேயே "விடு, போனாப் போகுது" என்பீர்கள். கடிதத்தின் நடுவில் நீங்கள் வாயைத் திறக்க முடியாது. கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

கார் ஸ்டியரிங் போய்விட்டது. பதறாதீர்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இப்போது காரும் சரியாகிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால், விடியற்காலை, ஏரிக்கரைச் சாலை. பக்கத்து இருக்கையில் ஐஸ் பெட்டி, அதில் லேபுக்குக் கொண்டுபோக ஒன்பது வீட்டு ரத்தம். இன்னும் நாலு பேர் ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காமல், ரத்தம் எடுக்கிற அக்கா எப்போது வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வளைவில் திருப்புகிறேன், ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. எருமையைக் கொம்பைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி இரண்டு கையாலும் இழுத்து ஓரமாக நிறுத்தினேன். எதிரே பனியில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நீங்கள் மாட்டிக் கொடுத்த மஞ்சள் விளக்குகள் இருந்ததால்தான் அந்த மனிதர் என் கண்ணில் பட்டார். இது முதலில் உங்களுக்குத் தெரியவேண்டும்.

வாரண்டி இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே, கொண்டுபோய் விட்டால் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்று இருந்தேன். அப்போதுதான் உங்கள் தம்பி வந்தார். "அண்ணி, வெளி லைட்டோட போனீங்கன்னா அவ்வளவுதான். லைட்டப் பாத்ததும் வாரண்டி கேன்சல்னு கைய விரிச்சிடுவானுங்க. கழட்டி வீட்ல வச்சிட்டுப் போங்க" என்றார். நானும் மண்டையை ஆட்டிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தேன். இரண்டு விளக்கையும் கழற்றித் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். தொங்கிய வயரை டேப் சுற்றி உள்ளே திணித்தேன். உங்கள் வேலையைத் திருட்டுப் பொருள் மாதிரி நானே ஒளித்து வைத்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

மறைத்தால் தெரியாதா? பம்பரில் நாலு ஆணி ஓட்டை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சர்வீஸ் சென்டர் மேனேஜர் குனிந்து பார்த்தார். டேப் சுற்றிய வயரை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கிக் காட்டினார். "இது என்ன மேடம்? லைட் மாட்டியிருந்திருக்கீங்க, கழட்டி மறைச்சிருக்கீங்க. வெளியாள் வயரிங் செஞ்சா ஸ்டியரிங் போகத்தான் செய்யும்" என்றார். கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மடியில் கனம் இல்லாதவள், கனம் இருக்கிறவள் மாதிரி நடந்துகொண்டு போய் நின்றால் வேறு என்ன சொல்வார்?

பிறகு குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். வெளியாள் செய்த தவறான மின் வேலையால்தான் இந்தப் பழுது உண்டானது என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். ஒப்புக்கொண்டால், கம்பெனி பெரிய மனசு பண்ணிப் பாதியைப் பார்த்துக்கொள்ளுமாம். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் மேடம், யாரும் படிக்கப் போறதில்ல" என்று பேனாவையும் கொடுத்தார்.

வாங்கிவிட்டேன். மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அந்த வார்த்தைகளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று கை நின்றது.

நாலு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் வயரிங் செய்த அந்தத் துணிக்கடையில் போர்டு எரிந்ததே, அன்றைக்கும் தப்பு உங்களுடையது என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒரு தாள் வந்தது. அந்த லைன் இத்தனை ஏ.சி. தாங்காது என்று மூன்று தடவை சொன்னவர் நீங்கள். கேட்காமல் நாலாவது ஏ.சி.யை மாட்டியவர் கடைக்காரர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நீங்கள் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுதான் உட்கார்ந்திருந்தீர்கள். "போட்டுத் தொலைங்க, யாரு படிக்கப் போறா, தொல்லை விட்டுதுன்னு வீட்டுக்குப் போவோம்" என்று பேனாவை எடுத்து உங்கள் கையில் திணித்தது நான். தொல்லை விடவில்லை. அதற்குப் பிறகு ஊரில் ஒருவர்கூட உங்களைக் கூப்பிடவில்லை. நம் காருக்கு அந்த இரண்டு விளக்கை மாட்டியதுதான் நீங்கள் கடைசியாகத் தொட்ட வயர். இப்போது தங்கியிருக்கும் அறையில் பல்பு போனால்கூடப் பக்கத்து அறைக்காரரைக் கூப்பிடுகிறீர்களாம். மகள்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

பேனாவை மூடி மேனேஜர் மேஜைமேல் வைத்தேன். "என் வீட்டுக்காரர் வேலையப் பாக்காமலே தப்புன்னு எழுதிக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டேன். காரைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கல் ஸ்டியரிங்கோடுதான். வீடு வந்து சேர்வதற்குள் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிட்டன.

அன்றைக்குச் சாயங்காலமே உங்கள் நீல நோட்டை எடுத்தேன். நம் காருக்கு நீங்கள் எழுதிய பக்கம் இருக்கிறது. தனி லைன், பேட்டரியிலிருந்து நேராக, தனி ஃபியூஸ், தனி ரிலே. கம்பெனி வயர் ஒன்றையும் வெட்டவில்லை. கீழே கோடு போட்டு, 'தொடாத கப்ளர்களில் பொட்டு: பதினொன்று' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சட்டென்று எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. தங்கச்சி கல்யாணத்துக்கு என்று நான் ஆசையாக வாங்கி வைத்த நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு போய், வயர்கள் சேரும் அந்தப் பிளாஸ்டிக் கப்ளர் ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பொட்டு வைத்தீர்களே! அன்றைக்கு நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "யாராவது திறந்தா பொட்டு உடையும். நான் திறக்கலங்கிறதுக்கு வேற சாட்சி இல்லம்மா" என்றீர்கள். துணிக்கடைக்குப் பிறகு வந்த பயம் அது. அன்றைக்கு அதை நான் புரிந்துகொள்ளவில்லை, என் பாட்டில் பாதி காலியானதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

மகள் டார்ச் பிடித்தாள். நான் பானெட்டுக்குள்ளும் டேஷ்போர்டுக்கு அடியிலும் தலையை விட்டுக்கொண்டு தேடினேன். "அம்மா, ஒண்ணு! அம்மா, ரெண்டு!" என்று அவள் எண்ணினாள். பத்துப் பொட்டு வைத்தது வைத்தபடி, நகத்தில் பூசியதுபோலப் பளபளவென்று இருந்தது. பதினோராவது ஸ்டியரிங் மோட்டாருக்குப் போகிற கப்ளரில். அது மட்டும் நடுவில் பிளந்திருந்தது.

உங்கள்மேலேயே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். திட்டிக்கொள்ளுங்கள். பிறகு பழைய சர்வீஸ் காகிதங்களைத் தரையில் பரப்பினோம். நீங்கள் கிளம்பிப் போன பிறகு நடந்த இரண்டாவது சர்வீஸில், டேஷ்போர்டில் கடகடவென்று சத்தம் வருகிறது என்று நான் புகார் சொல்லியிருக்கிறேன். ஜாப் கார்டில் அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது: 'டேஷ்போர்டு கழற்றி மாட்டப்பட்டது.' அடப்பாவிகளா! திறந்தது அவர்கள், பழி உங்களுக்கு.

மறுநாள் காலை கட்டிலுக்கடியிலிருந்து விளக்குகளை எடுத்து, நோட்டில் நீங்கள் போட்டிருந்த வயரிங் படத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். இடது பக்கத்தது கொஞ்சம் கோணல். பரவாயில்லை. பத்து மணி வெயிலில், இரண்டு மஞ்சள் விளக்கையும் போட்டுக்கொண்டு சர்வீஸ் சென்டர் வாசலில் போய் நிறுத்தினேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். மேனேஜர் "என்ன மேடம் இது?" என்று ஓடிவந்தார். "நேத்து மறைச்சது என் தப்பு. இன்னிக்கு மறைக்கல. நல்லா பாத்துக்குங்க" என்றேன்.

வாரண்டிப் புத்தகத்தை விரித்து, அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன். வெளியே வாங்கி மாட்டிய பொருளுக்கும், அதனால் உண்டான பழுதுக்கும் உத்தரவாதம் கிடையாது, அவ்வளவுதான் போட்டிருக்கிறது. "லைட் எரியலன்னா உங்ககிட்ட வரமாட்டேன். ஆனா ஸ்டியரிங் இந்த லைட்டாலதான் போச்சுன்னா, எந்த வயரு எந்த வயரக் கெடுத்துச்சுன்னு கை வச்சுக் காட்டுங்க. காட்டிட்டா இங்கயே கையெழுத்துப் போடறேன்" என்றேன். உங்கள் நோட்டையும் அவர்கள் ஜாப் கார்டையும் பானெட்மேல் விரித்து, பதினொரு பொட்டின் கதையையும் சொன்னேன்.

அவருக்கு வேறு வழியில்லை. உள்ளேயிருந்து ஒரு நெட்டை மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அந்த மனிதர் அரை மணி நேரம் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, மேனேஜர் கண்ணாலேயே தடுக்கத் தடுக்கச் சொல்லிவிட்டார். "சார், இவங்க ஆளு நம்ம வயரத் தொடவே இல்ல. நம்ம பசங்கதான் கப்ளரச் சரியா அழுத்தாம விட்டிருக்காங்க. லூஸா நின்னு உள்ள பின்னு கருகிப் போச்சு." அப்புறம் என் பக்கம் திரும்பி, "லைட் வேலை ரொம்பச் சுத்தம்மா. யாரு செஞ்சது? இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டார்.

கிடங்கில் பெட்டி தூக்குகிறார் என்று என் வாயால் சொல்ல வரவில்லை. "வந்துடுவார்" என்று சொல்லிவிட்டேன்.

ஸ்டியரிங் முழுசும் வாரண்டியிலேயே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. வெளி விளக்குகளின் வயரிங்கில் தவறில்லை, பழுதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதிச் சீல் வைத்துக் கொடுத்தால்தான் சாவியை வாங்குவேன் என்று நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துகொண்டேன். ஒன்றரை மணி நேரம். கொடுத்தார்கள். நகல் இத்துடன் இருக்கிறது. உங்கள் தம்பி அதைப் படித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி" என்கிறார். இந்த ஜென்மத்தை என்ன செய்ய?

நகலை மடித்துப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். தினமும் ஒரு தடவை படியுங்கள். துணிக்கடைக்காரரிடம் அப்போதே கேட்டு வாங்கியிருக்க வேண்டிய தாள் இது. அதை இப்போது வாங்க முடியாது, எனக்குத் தெரியும். அன்றைக்குப் பேனாவைத் திணித்த கைதான் இன்றைக்கு இதை வாங்கியிருக்கிறது. 'உன்னை மன்னித்துவிட்டேன்' என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதாவிட்டாலும் நான் விடப்போவதில்லை.

இன்னொன்று. புது ஸ்டியரிங் கப்ளரை மாட்டிவிட்டு அந்த நெட்டை மெக்கானிக் என் கைப்பையைப் பார்த்துச் சிரித்தார். "பாலிஷ் இருந்தா குடுங்கம்மா, நானே ஒரு பொட்டு வச்சிடறேன்" என்றார். பாட்டில் கைப்பையில்தான் இருந்தது. கொடுக்கவில்லை. பத்துப் பொட்டு அப்படியே இருக்கிறது. பதினோராவது இடம் வெறுமையாக இருக்கிறது. அதை வைக்கிற கை எது என்று எனக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

உங்கள் டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் துடைத்து வைத்தபடி இருக்கின்றன. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நல்லபடியாக இருங்கள். ஆனால் அங்கேயே இருந்துவிடாதீர்கள். பாலிஷ் கால் பாட்டில்தான் மிச்சம், அதுவும் நாளுக்கு நாள் கெட்டியாகிக்கொண்டே போகிறது.

இப்படிக்கு,
அந்தத் தாளில் கையெழுத்துப் போடாத
உங்கள் மனைவி