அளவெடுக்காமல் தைத்த சட்டை

மார்ச் 4
இவருக்கு இன்று டயாலிசிஸ், நான்கு மணி நேரம். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கால்சட்டைக்கு ஓரம் தைத்தேன். கிளம்பும்போது டாக்டர் சொல்லிவிட்டார்: என் சிறுநீரகம் இவருக்குச் சேராது. ரத்த வகை வேறு.
“இருபது வருஷமா உயிரை வாங்கினே. இப்பக் குடுக்க வந்தா சேரலையாம்!” இவருக்குச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 19
நர்ஸ் கூப்பிட்டார். எங்களைப் போலவே இன்னொரு ஜோடி இருக்கிறதாம். என்னுடையது அந்த நோயாளிக்கு. அங்கே கொடுக்க வந்தவருடையது இவருக்கு. “எல்லாருக்கும் ஆபரேஷன் ஒரே நாள், ஒரே நேரம். வாங்கிட்டு யாரும் நழுவக் கூடாதுல்ல?” ஆள் யார் என்று மட்டும் சொல்ல மாட்டாராம்.
இவர் முரண்டு பிடிக்கிறார். “முன்னப்பின்ன தெரியாதவங்க வயித்தைக் கிழிச்சு எனக்கா?”
“என் வயித்தைக் கிழிச்சா மட்டும் பரவாயில்லையா?” என்றேன். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 2
ரத்தப் பரிசோதனை வரிசையில் ஓர் ஆஜானுபாகுவான ஆள். கையில் என்னுடையதைப் போலவே நீல ஃபைல். கொடுப்பவர்களுக்குத்தானே நீலம்? இவருக்குக் கொடுக்கப்போகிறவர் அந்த ஆளேதான்! தோள் இருபது அங்குலம், வயிறு நாற்பத்தாறு. என் கண் தப்பாது. காயத்தில் உராயாதபடி தொளதொளவென்று ஒரு சட்டை தைக்கிறேன்.

ஏப்ரல் 10
நாளைக்கு ஆபரேஷன். சட்டையை நர்ஸிடம் கொடுத்தாயிற்று. வாங்கும்போது ஏனோ சிரித்தார்.
பயமில்லை என்று எழுதத்தான் நோட்டைத் திறந்தேன். பொய்.

ஏப்ரல் 13
உட்கார முடிகிறது. இவருக்குச் சிறுநீர் நன்றாகப் பிரிகிறது, இரண்டு வருடத்துக்குப் பிறகு! பையைப் பரிசுக் கோப்பை மாதிரிக் காட்டுகிறார்.
அங்கே எப்படி என்று நர்ஸிடம் கேட்டேன்.
“இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்கல. சிலருக்கு நாளாகும்.”
என்னுடையது. அங்கே போய்ச் சும்மா கிடக்கிறது. அவங்க நல்லதைக் குடுத்தாங்க, நான் என்னத்தைக் குடுத்தேன்? கஞ்சியை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 15
இன்னும் இல்லை. அங்கே மறுபடி டயாலிசிஸ் போட்டார்களாம்.

ஏப்ரல் 18
காலையில் ஆஸ்பத்திரி அறை வாசலில் என் சட்டை நின்றது. அதற்குள்ளே ஒரு ஒல்லிப் பெண். விரல்நுனிகூடத் தெரியவில்லை. நர்ஸ் பின்னால் நின்று, “இவங்கதான். பாத்தே ஆகணும்னாங்க” என்றார்.
“நீங்க தைச்சதாமே? இதுக்குள்ள நானும் என் தம்பியும் சேர்ந்தே நுழையலாம்!”
சிரித்ததில் இரண்டு பேருக்கும் இடது விலா வலித்தது. அந்தத் தம்பிக்குத்தான் என்னுடையது. எப்படி இருக்கிறான் என்று நான் கேட்கும் முன்னே அவளே சொன்னாள்: “விடியக்காலைலேருந்து மூணு தரம் பை மாத்தியாச்சு. உங்களோடது முழிச்சிடுச்சுக்கா.”
அப்பாடா. அவள் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன்.
இவர் கட்டிலிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தனூண்டு உடம்புலேருந்தா?” பிறகு, “கிட்ட வாம்மா” என்று கூப்பிட்டு, சட்டையின் கைகளை ஒவ்வொன்றாக, அவள் மணிக்கட்டு தெரியும்வரை மடித்துவிட்டார்.