கலங்கரை விளக்கில் ஒற்றைக் கட்டில்

12.9.1982, ஞாயிறு

ஏழு என்று நான் சொல்லவில்லை.

இறால் கம்பெனி ஏஜெண்டு கொண்டுவந்த ஆங்கிலக் கடிதத்தை நைனா என்னிடம் நீட்டினார். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெரியப்பா, சித்தப்பாக்கள், அவர்கள் வீட்டார் எல்லோரும் சுற்றி நின்றார்கள். போன பருவத்து இறாலை வேறு யாருக்கும் தராமல் அந்தக் கம்பெனிக்கே போட்டோம் அல்லவா, அதற்கு மரியாதையாம். முதலாளியின் மச்சான் மெட்ராசுக்குத் தெற்கே கடற்கரையில் புதிதாக ஒரு விளையாட்டுப் பூங்கா கட்டியிருக்கிறார். ராட்டினம், குட்டி ரயில், தங்குவதற்கு விசித்திரமான வடிவங்களில் அறைகள். குடும்பத்தோடு வந்து இரண்டு இரவு தங்கலாம். யார் யாருக்கு எந்த அறை என்று மட்டும் முன்னதாக எழுதி அனுப்ப வேண்டும்.

"எத்தினி ரூமு?" என்றார் நைனா.

கடிதத்தில் இருந்தது இது: நான்கு பேர் படுக்கிற அறைகள் ஆறு. அதோடு, கலங்கரை விளக்கம் போலக் கட்டிய கோபுரத்தின் உச்சியில், ஒரே ஒரு கட்டில் போட்ட சிறிய அறை ஒன்று. உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ளும் கதவு என்று கடிதத்தில் இல்லை. அதை நானே சேர்த்துக்கொண்டேன்.

"ஆறு, நைனா."

இருபத்திரண்டு வயதாகிறது. இதுவரை ஓர் இரவுகூட ஓர் அறையில் தனியாகப் படுத்ததில்லை. பொன்னேரி நூலகத்திலிருந்து எடுத்து வருகிற புத்தகத்தைப் படிக்கும்போதும் யாராவது ஒருவருடைய கால் என் முதுகில் இருக்கும். இது ஒரு பெரிய துக்கம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சிரிப்பார்கள். அதனால் ஆறு என்றேன்.

பொய்தான். நன்றாகவே வந்தது.

14.9.1982

கடிதத்தோடு வந்த படப் புத்தகம் மூன்று நாளாக வீடு வீடாகச் சுற்றுகிறது. அதற்குள் மீன் வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டது. காளான், யானை, பூசணிக்காய், பூட்ஸ், படகு, திமிங்கலம். ஒவ்வொன்றும் ஓர் அறை. கோபுரம் அச்சாகியிருந்த கடைசிப் பக்கம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எப்படியோ கிழிந்துவிட்டது.

திமிங்கலத்துக்கு வாய்தான் வாசல். ராஜவேலு பெரியப்பா படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மீனு நம்ம வயித்துக்குள்ள போவலாம். நாம மீனு வயித்துக்குள்ள போய்ப் படுக்கிறது இன்னா மொறை?"

சின்னவர் லோகநாதன் சித்தப்பாவுக்குப் படகு ஆகாது. "வருசம் பூரா படகுலதான் கெடக்குறேன். அங்கயும் போயி படகா? எனுக்கு யானை குடுங்க."

யானையை ஐந்து பேர் கேட்கிறார்கள். அதற்குக் காது இருக்கிறது, காதில் ஜன்னல் இருக்கிறது. பூட்ஸை யாரும் சீண்டவில்லை. செருப்புக்குள் படுத்தால் வீடு உருப்படாதாம். இந்த வீட்டில் பாதிப் பேருக்குச் செருப்பே கிடையாது.

நைனா படகின் படத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். "எவன் கட்டினான் இத? அணியம் எங்க, பின்பக்கம் எங்கன்னே தெரியல. தண்ணியில உட்டா ரெண்டு நாழியில கவுந்துரும்."

சிமெண்டு, நைனா. தண்ணீரில் விட மாட்டார்கள். இதையும் சொல்லவில்லை.

15.9.1982

கடைசியில் பாடு போட்டுவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏரியில் இறால் ஓடுகிற இடங்களை எங்கள் ஆட்கள் எப்படிப் பங்கிடுகிறார்களோ அப்படியே. சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த இடம் என்று எடுப்பார்கள். நாளுக்கு நாள் வரிசையாக மாற்றிக்கொள்வார்கள். நல்ல இடமும் வெறும் இடமும் எல்லாருக்கும் சுற்றி வரும். ஊரில் அதைக் கூவி நடத்துகிறவர் பெரியப்பா. அண்ணன் தம்பி ஆறு பேர், அறை ஆறு. முதல் நாள் சீட்டில் விழுந்தபடி. இரண்டாம் நாள் ஆளுக்கு ஓர் அறை தள்ளிப் போக வேண்டும். யானை யாருக்கும் சொந்தமில்லை.

சீட்டு எழுதியவள் நான். நைனாவுக்குப் படகு விழுந்தது. பெரியப்பாவுக்குத் திமிங்கலம். (சத்தியமாக நான் ஒன்றும் செய்யவில்லை.) லோகநாதன் சித்தப்பாவுக்குப் பூட்ஸ்.

அப்போதுதான் குப்பம்மாள் அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். ஆறு பேரோடும் பிறந்த ஒரே பெண் அவள். மாமா இறந்து எட்டு வருஷமாக எங்கள் வீட்டில் இருக்கிறாள்.

"எம்பேரு எங்க?"

"பாடு கல்யாணம் ஆன ஆம்பளைக்குத்தான், குப்பு. உனுக்குத் தெரியாததா?" என்றார் பெரியப்பா.

"ஏரியிலதான் எனுக்குப் பாடு இல்லன்னீங்க. கட்டில்லயுமா இல்ல?"

லோகநாதன் சித்தப்பா, "இருக்கிற எடத்துல நீயும் காந்தாவும் சொருவிக்குங்கக்கா" என்றார்.

அத்தை அவரைப் பார்த்த பார்வையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். மொத்தம் இருபத்து மூன்று பேர். அந்தந்த வீட்டார் கட்டிலை எடுத்துக்கொண்டது போக, மிச்சமாகி நிற்பது அவளும் நானும். அந்த நேரத்தில் என் பெட்டிக்குள் ஓர் அறை இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

17.9.1982

பதில் எழுதி அனுப்பிவிட்டேன். ஆறு அறைக்கு ஆறு பேர். ஏழாவதாக, கோபுரம்: செல்வி பூ. காந்தா. நைனா அடியில் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை ஊதி மடித்துக் கொடுத்தார்.

அங்கே போய் யாருக்கும் தெரியாமல் மேலே ஏறுவது எப்படி? அதை இன்னும் யோசிக்கவில்லை. படிக்கட்டு இருக்கும்.

2.10.1982

படிக்கட்டுக்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

9.10.1982, சனி

கம்பெனியின் ஐஸ் வண்டியில் வந்து சேர்ந்தோம். இருபத்து மூன்று பேரும் இறால் போல அடுக்கப்பட்டு. இறங்கும்போது எல்லோருக்கும் ஒரே வாசனை.

வரவேற்பு மேஜையில் இருந்த மானேஜர் நல்ல மனிதர். கழுத்தில் டை. என் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாவியாகப் பெயர் சொல்லிக் கொடுத்தார். ஆறாவதோடு நிறுத்தக் கூடாதா?

"ஏழாவது, டவர் ரூம். மிஸ் காந்தா யாரும்மா?"

நைனா திரும்பி என்னைப் பார்த்தார்.

"தப்பாப் படிச்சிட்டேன், நைனா."

"ஆறுக்கும் ஏழுக்குமா இங்கிலீசுல கொழப்பம்?"

"பொன்னேரி பஸ்ஸு நெம்பரு தப்பாம படிக்கிறாளே," என்றார் லோகநாதன் சித்தப்பா, எரிகிறதில் கொஞ்சம் எண்ணெய். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா, தெரியவில்லை.

பெரியப்பா சாவிக்குக் கை நீட்டினார். அதையும் ஆறு பேருக்குள் சுற்றி விடலாம் என்று. அதற்குள் அத்தை சாவியை எடுத்து இடுப்பில் செருகிவிட்டாள்.

"குப்பு, குடு இங்க."

"வந்து எடுத்துக்கோயேன்."

மானேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாட்டுல பொம்பள பேரு சேக்கிறது இல்ல, குப்பு."

"நான் வலையாண்ணே கேட்டேன்? ஆறு சீட்டு ஆறு பேருக்கு விழுந்துச்சி, உங்க பாடு அத்தோட முடிஞ்சிது. இது உங்க பாட்டுலயே இல்லாத ரூமு. இருந்தா அன்னிக்கே குலுக்கியிருப்பீங்கல்ல? மிச்சமா நிக்கிறது நானும் இந்தப் பொண்ணும். ரெண்டு ராத்திரி, ரெண்டு பேரு. எழுதுடி சீட்டு, யாரு மொதல்லன்னு பாப்போம்."

பெரியப்பா யோசித்தார். முறை என்றால் அவருக்கு உயிர். அதில் பிசகு கண்டுபிடிக்க முடியவில்லை. "எழுது," என்றார்.

இதை வேறெங்கும் எழுத முடியாது, அதனால் இங்கே. மேஜை ஓரம் நின்று இரண்டு சீட்டு எழுதினேன். இரண்டிலும் என் பெயரைத்தான் எழுதினேன். முதல் நாளே வேண்டும், அவ்வளவு ஆசை. இரண்டாம் நாள் என்பது எனக்கு நம்பிக்கையான நாளாகத் தெரியவில்லை.

நைனா ஒன்றை எடுத்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்; டை கட்டிய ஆள் எதிரில் நிற்கும்போது கூட்ட மாட்டார். என்னிடமே கொடுத்தார். பிரித்தேன். காந்தா. நிமிர்ந்தேன். அத்தை சாவியை இடுப்பிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தாள். சீட்டில் தோற்றால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட வேண்டும் என்று தயாராக.

"குப்பம்மாள்," என்று படித்தேன்.

இரண்டு சீட்டையும் மென்று விழுங்கியிருக்கலாம். கசக்கி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். இப்போது சிமெண்டுப் படகில் இருக்கிறேன். தம்பியின் கால் என் முதுகில்.

10.10.1982, ஞாயிறு

அத்தை காலை பத்து மணி வரை கீழே வரவில்லை. விடியலுக்கு முன் எழுந்து எல்லாருக்கும் கஞ்சி வைக்கிற அத்தை. அம்மா பயந்துபோய் என்னை அனுப்பினாள். கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான் அத்தை. உடம்பு சரியில்லையா?"

"எனுக்கு இன்னா? சும்மா படுத்திருக்கேன். போடி."

கதவைத் திறக்கவே இல்லை! படியில் இறங்கும்போது தானாகச் சிரித்துக்கொண்டேன்.

அப்புறம் இறங்கி வந்தவளிடம் எல்லோரும் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். "இன்னா இருக்கும்? ஒரு கட்டிலு, ஒரு சன்னலு," என்றாள். என்னிடம் மட்டும், குழாயடியில் முகம் கழுவும்போது: "எங்க வீட்டுல, உங்க மாமா இருக்கச்சொல்ல, இப்படித்தான்டி. உள்ள ஒரு அறை, கடலப் பாத்தாப்புல. இப்போ உங்க பெரியப்பன் வலை அடைச்சி வச்சிக்கீறான்."

பதினொரு மணிக்கு முறை மாற்றம். யானையில் இருந்தவர்கள் படகுக்கு, படகில் இருந்தவர்கள் பூட்ஸுக்கு. இருபது பேர் தலையில் பாய், தலையணை, துணிமூட்டையோடு புல்தரையைக் கடந்து போவதை மற்ற விருந்தினர்கள் ராட்டினத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஏதோ நிகழ்ச்சி என்று ஒரு குழந்தை கை தட்டியது. மானேஜர் ஓடி வந்தார். "ஏதாவது குறையா, சார்?" பெரியப்பா அவரைத் திமிங்கலத்தின் உதட்டில் உட்கார வைத்து அரை மணி நேரம் பாடு என்றால் என்ன என்று விளக்கினார். முடிவில் மானேஜர், "அப்படின்னா நாளைக்குக் கிளம்பாம இருந்தா யானை யாருக்கு?" என்று கேட்டார். பெரியப்பா அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

எனக்கு ஒரே நினைப்பு. சாயங்காலம், சாயங்காலம்.

மூன்று மணிக்கு ஐஸ் வண்டி வந்து நின்றது. நாளைக் காலைதானே வர வேண்டும்? ஏஜெண்டு குதித்து இறங்கினார். மேற்கே பெய்த மழையில் ஏரி நிரம்பி, நேற்று ராத்திரி முகத்துவாரம் உடைத்துக்கொண்டதாம். இறால் கூட்டங்கூட்டமாகக் கடலுக்கு ஓடுகிறதாம். "இன்னும் இங்க இன்னா பண்றீங்க?" என்று கத்துகிறார். இங்கே அனுப்பிய மனிதரே.

ஐந்து நிமிஷத்தில் பாய்கள் சுருண்டன. யானையாவது பூனையாவது. ராட்டினத்தின் உச்சியில் இருந்த லோகநாதன் சித்தப்பா நிறுத்தச் சொல்லி அங்கிருந்தே கூவினார்.

பையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கோபுரத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று வண்டிச் சக்கரத்தையே பார்த்தேன். ஒரு கட்டிலுக்காகவா? ஆமாம், ஒரு கட்டிலுக்காகத்தான். அறுபது படி ஏறினால் இருக்கிற ஒரு கட்டில்!

"காந்தா, இறக்குடி பைய," என்றாள் அத்தை.

"இன்னா குப்பு, நேரமாவுது," என்றார் பெரியப்பா.

"அவ மொறை இன்னிக்கு."

"ரூமுக்கா பாக்குற இப்போ? எறா ஓடுதுன்றேன்."

"ஒருத்தன் பாட்டு நாள இன்னொருத்தன் எடுக்கலாமா அண்ணே? வயித்து வலின்னு படுத்துக்கினாக்கூட அவன் நாளு அவனுதுதானே? நீயே எத்தினி வாட்டி தீர்ப்பு சொல்லிக்கீற?"

பெரியப்பா நைனாவைப் பார்த்தார். நைனா என்னைப் பார்த்தார். ஏழை ஆறாகப் படித்த கண்ணை.

"நீ கூட இருப்பியா?" என்று அத்தையிடம் கேட்டார்.

"பின்ன? தொணைக்கு நான் இருக்கேன். நாளைக்கு பஸ்ஸுல வர்றோம்."

வண்டி போய்விட்டது. மழை தூறுகிறது. ஏழு சாவியும் அத்தையின் இடுப்பில். மானேஜரிடம் கேட்டுக்கொண்டு யானை, காளான், பூசணிக்காய் என்று ஒவ்வொரு கட்டிலிலும் படுத்துப் பார்த்துவிட்டு வருகிறாள். "திமிங்கலந்தான்டி நல்லா கீது. உங்க பெரியப்பனுக்கு ஒண்ணும் தெரியல."

நான் மேலே ஏறிவிட்டேன். மணி ஐந்தரை. கட்டில், ஜன்னல், கடல், ஒரு கொக்கி. தாழ்ப்பாள் இருக்கிறது. போட்டேன். திறந்தேன். மறுபடி போட்டேன்.

11.10.1982

பதின்மூன்று மணி நேரம் தூங்கியிருக்கிறேன். கொண்டு வந்த புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை.

பஸ்ஸில் அத்தை சொன்னாள்: "அந்தச் சீட்டு ரெண்டையும் நீ கசக்கினத நான் பாத்தேன்டி." வேறு ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

3.11.1982

அத்தை பெரியப்பாவிடம் தன் வீட்டுச் சாவியைக் கேட்டிருக்கிறாள். வலைகளை எங்கே போடுவது என்றார் பெரியப்பா. "என்னைப் போட்ட எடத்துல போடு," என்றாளாம். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அத்தை வைக்கிற கஞ்சியில் உப்பில்லை என்று பெரியப்பா எல்லார் வீட்டிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நைனா இப்போது ஆங்கிலக் கடிதம் வந்தால் முதலில் என்னிடம் படிக்கச் சொல்கிறார். பிறகு அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாத்தியாரைப் பார்த்துவிட்டு வருகிறார்.

12.12.1982, ஞாயிறு

வலைகள் போன வாரம் வெளியே வந்தன. இரண்டு நாள் கழுவியும் வாடை போகவில்லை, பரவாயில்லை. அத்தை தனியாக இருக்கக் கூடாது என்று நைனா சொன்னார். அதனால் தினமும் விளக்கு வைத்ததும் நான் அங்கே படுக்கப் போகிறேன், துணைக்கு. முன் அறை அவளுக்கு, கடலைப் பார்த்த உள் அறை எனக்கு. நடுக் கதவுக்கு நேற்று ஆசாரியைக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் அடிக்கச் சொன்னாள்.