திங்கட்கிழமை தரவேண்டிய இரண்டு பலகைகள்

பிப்ரவரி 12, 2003

அன்பு மகன் மரீனஸுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாகவே இருக்கிறோம், நீயும் மருமகளும் குழந்தைகள் இருவரும் அந்தக் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று நாள் தவறாமல் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஆனாலும் உறைபனியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குச் சிப்பி வாங்கப் போகிறார், சொன்னால் கேட்கிற ஆளா அவர். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றைச் சொல்ல. தொலைபேசியில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு யார் வாயிலிருந்தாவது உன் காதுக்கு வருவதற்கு முன் என் கையாலேயே எழுதிவிடுகிறேன், பதறாமல் படி.

கடல் வெள்ளம் வந்து இந்த மாதத்தோடு ஐம்பது வருடம். நம் ஊர் நூலகத்துக்குப் புதிதாக ஃபெம்கே என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், ஊர்க்கதையை ஊராரே சொல்ல வேண்டும் என்று நவம்பரிலிருந்து தலைகீழாக நிற்கிறாள். முதலில் திரை கட்டி, தண்ணீர் எத்தனை அடி, எத்தனை மணி என்று படம் போட்டுக் காட்டினாள், ஏழு பேர் வந்தோம், காப்பியைக் குடித்தோம், எழுந்து வந்துவிட்டோம். நமக்குத் தெரியாத கணக்கா அது. பிறகு அவளுக்கு என்ன தோன்றியதோ, வெங்காயக் கிடங்கைக் காலி செய்யச் சொல்லி, அந்தக் காலத்து ஊர் முழுவதையும் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்துவிட்டாள், தெரு, கரை, கோயில், ஒவ்வொரு வீடும். அவரவர் தங்கள் வீட்டுக் கட்டத்தில் போய் நிற்க வேண்டும், வெள்ளம் வந்த அந்தச் சனிக்கிழமை வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெங்காயக் கிடங்கில் அழுவதற்குக் கதை வேறு வேண்டுமா என்று உன் அப்பா கிண்டல் செய்துகொண்டே வந்தார். போன சனிக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தால் நூற்றைம்பது பேருக்குக் குறையாது. வாய் திறக்காத ஆட்கள்கூடத் தங்கள் கட்டத்தில் நின்றதும், அடுப்பில் பட்டாணிக் கஞ்சி இருந்தது, ஆட்டுக்குக் கால் ஊனம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரே ஒரு கட்டத்தில்தான் ஆள் இல்லை. கரையோரம் செருப்புத் தைத்த க்ரைனின் வீடு. அவர் மகள் நேல்ட்யே வந்திருந்தாள், ஆனால் கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவருகிலேயே நின்றாள். அவள் எப்படி உள்ளே வருவாள். கடலைத் தடுக்கிற கரையில் வண்டி போக விட்ட வழியை, தண்ணீர் ஏறும்போது ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி அடைக்கிற பன்னிரண்டு வெள்ளப்பலகைகளும் க்ரைன் பொறுப்பில்தான் இருந்தன, அன்றிரவு அவர் தூங்கிவிட்டார், அதனால்தான் தண்ணீர் உள்ளே வந்து பதினோரு பேரைக் கொண்டு போனது, அதில் என் தம்பி அட்ரியானும் ஒருவன், இரண்டு வயது. இதுதானே உனக்கும் தெரிந்த கதை. தூங்குமூஞ்சி க்ரைன் என்று அவர் பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டு போவார்கள். பிறகு அவரிடம் யாரும் செருப்புக் கொடுக்கவில்லை. நேல்ட்யேயைக் கட்டிக்கொள்ளவும் யாரும் வரவில்லை.

என் முறை வந்தது. எங்கள் கட்டத்தில் நின்றேன். என்ன சமைத்தோம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன், ஆனால் எதிரே அந்தக் காலிக் கட்டம், மனசு கேட்கவில்லை. சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சித்திக்குக் கல்யாணம். பந்திக்கு மேசை போதாமல் உன் தாத்தா க்ரைனிடமிருந்து இரண்டு வெள்ளப்பலகை வாங்கி வந்தார். ஊரில் எல்லாரும் செய்வதுதான், க்ரைனும் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. சனிக்கிழமை வீடு கழுவும் வேலை, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாத நாள், பலகை தூக்கிக்கொண்டு தெருவில் போனால் கோயிலில் முகம் காட்ட முடியாது, அதனால் திங்கட்கிழமை என்று சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். சனிக்கிழமை பொழுது சாயும்போது க்ரைன் வந்தார், காற்று சரியில்லை, பலகையைக் கொடு என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அட, எப்பவும் அடிக்கிற காத்துதான். திங்கக்கிழமை நானே கொண்டாந்து போடுறேன்"னு என் அப்பா சொல்லிக் கதவைச் சாத்தினார். க்ரைனால் பத்துப் பலகையைத்தான் செருக முடிந்தது. குறைந்த இரண்டு பலகை உயரத்தில்தான் தண்ணீர் ஏறிப் பாய்ந்து, பிறகு மிச்சத்தையும் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. விடிந்து பார்த்தவர்கள் கண்ணுக்கு வழி திறந்து கிடந்தது, ஆள் தூங்கிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

முதலில் ரொட்டிக்கடை மாமா, பன்றி வெட்ட நாங்களும் அந்தப் பலகையை எடுத்திருக்கிறோம், மறுநாள் கொடுத்ததாக எனக்கு நினைவே இல்லை என்றார். அப்புறம் ஒருவர், அப்புறம் இன்னொருவர். யார் வீட்டிலும் அந்தப் பலகை படுக்காத தரை இல்லை, மரீனஸ். நேல்ட்யே மெல்ல நடந்து வந்தாள். தன் வீட்டுக் கட்டத்தில் நின்றாள். எனக்கு இது முன்பே தெரியும் என்றாள். ஏன் ஊரில் சொல்லவில்லை என்று அவள் கேட்டதற்கு, அவங்கப்பா என் அப்பாவை நினைத்துச் சொன்னாராம், "அவன் பிள்ளையைப் பறிகொடுத்துட்டு நிக்கிறான்மா. இதையும் எப்படி அவன் தலையில போடுறது?" பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "அப்ப உனக்கு எட்டு வயசு மாட்யே. அந்தப் பிள்ளை மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா அதுக்கப்புறம் ஐம்பது வருஷம் இருந்துச்சே. அதை நான் யோசிச்சுத்தான் சொல்லணும்."

அக்கா என்று கூப்பிட்டேன். அவள் போய்விட்டாள். நாலு நாளாகிறது, இன்னும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை, கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை. என் அப்பா பாவம், பிள்ளை போன துக்கத்தில் பேச முடியாமல் போனார் என்று அவரை மன்னித்துவிடுகிறேன், என்னை மன்னிக்கத்தான் வழி தெரியவில்லை. நேற்றெல்லாம் ஒன்று ஞாபகம் வந்து வதைக்கிறது. உனக்குப் பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் வெள்ளத்தின் கதையைச் சொல்லி முதல் பரிசு வாங்கினாயே, தூங்குமூஞ்சி க்ரைன் குறட்டை விடுவதுபோல நடித்தும் காட்டினாய், எல்லாரும் சிரித்தோம், நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். அப்போது பள்ளிக்கூடம் கழுவுகிற வேலை நேல்ட்யேவுடையது. வாளியோடு கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. உன்மேல் தப்பில்லை கண்ணு, நான் சொல்லிக் கொடுத்ததைத்தானே நீ சொன்னாய்.

மருமகளுக்கு என் அன்பைச் சொல், வெளியே போகும்போது குழந்தைகளுக்குக் காது மூடக் குல்லாய் போட்டு அனுப்பு. நீங்கள் எல்லாரும் நோய் நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும், கடவுள் கூட இருப்பார். ஒன்றே ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அந்தக் கதையை நீ உன் பிள்ளைகளுக்கும் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் வந்த அன்றே இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல், க்ரைன் அன்றிரவு தூங்கவில்லை, நம் வீட்டு வாசலில் வந்து நின்று பலகை கேட்டார், நாம்தான் கொடுக்கவில்லை என்று.

உன் அம்மா,
மாட்யே