நரம்பு ஸ்கேன்தான் எடுத்தாச்சே என்றேன்

என் செல்ல அண்ணா,

உன்னைக் கொன்றது டாக்டர்தான் என்று இரண்டு வருடமாகத் திருமானூர் முழுக்கச் சொல்லிவந்தேன். இப்போது நம் தம்பிக்கும் உன்னை மாதிரியே கை மரத்துப்போகிறது, சட்டைப் பொத்தான் போட வரவில்லை. கழுத்தெலும்பு தண்டுவடத்தை அழுத்துகிறதாம், ஆபரேஷன்தான் வழியாம்.

உன் ஆபரேஷன் அன்றைக்கு டாக்டர் வெளியே வந்து என்ன சொன்னார் தெரியுமா? மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் உனக்கு எல்லோருக்கும் போகிற வழியில் போகவில்லையாம். வளைந்து, கழுத்தெலும்பில் ஸ்குரூ முடுக்குகிற இடத்திலேயே கிடந்ததாம், கிழிந்துவிட்டதாம். இஷ்டத்துக்குத் தடம் மாற அது என்ன கொள்ளிடமா? நன்றாகப் புளுகுகிறார் என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் தம்பியையும் உன் ஃபைலையும் பெரம்பலூருக்குக் கொண்டுபோனேன். இந்த டாக்டர் ஒரு பெண். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரைக் காட்டிக்கொடுப்பாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிலருக்குக் குழாய் அப்படி அமைவது உண்டு, மருந்து ஏற்றி ரத்தக்குழாய் ஸ்கேன் எடுத்தால் முன்னாடியே தெரியும், ஸ்குரூவை வேறு இடத்தில் போடலாம் என்றார். அப்போது ஏன் எடுக்கவில்லை என்று பாய்ந்தேன்.

உன் ஃபைலிலிருந்த ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். "எடுக்கச் சொல்லியிருக்காங்கம்மா. வேணாம்னு கையெழுத்து போட்டிருக்கறது யாரு?"

நான்தான் அண்ணா. உன்னால் பேனா பிடிக்க முடியவில்லை என்று நான் போட்டது.

உன் ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் வந்து ரத்தக்குழாய் ஸ்கேன் என்றதும், "நரம்பு ஸ்கேன்தான் எடுத்தாச்சே, சும்மா எதுக்கு இழுக்கறீங்க" என்று சண்டை பிடித்தேன். நமக்கு ரத்தம் ஓடுவதும் நரம்பு, கை மரத்துப்போவதும் நரம்பு. இரண்டும் வேறு வேறு என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

சந்தேகம் இன்னமும் விடவில்லை. தெரியாதவள் வேண்டாம் என்றால், தெரிந்தவர் கத்தியை எடுக்காமல் இருந்திருக்கலாமே?

நாளைக் காலை தம்பிக்கு அந்த ஸ்கேன். அவனும், "அதான் நரம்பு ஸ்கேன் எடுத்தாச்சேக்கா" என்கிறான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது போவேன்.

ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். அண்ணியிடம் சொல்லத்தான் தைரியமில்லை. என் பேச்சைக் கேட்டு அவர் இன்றைக்கும் அந்த டாக்டரைச் சபித்துக்கொண்டிருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, எழுந்து ஓடாமல் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
ஸ்டெல்லா