நாய்க்குச் சொன்னேன், குதிரை கேட்டது

என் கோபக்காரிக்கு,

நேற்று வேட்டை முகாமே பார்த்திருக்க, குதிரையின் தலைக்கு மேலே பறந்து சப்பாத்திக்கள்ளியில் போய் உட்கார்ந்தேன். இதை நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் எழுதுகிறேன்.

எல்லாம் உன் செல்ல நாய் டில்லியால். புல்லுக்குள் காடைகளை மோப்பம் பிடித்தவள், பழக்கியபடி சிலையாக நின்று இடத்தைக் காட்டாமல் விரட்டிக்கொண்டு ஓடினாள். "வோ!" என்று கத்தினேன். இங்கே நாயை நிறுத்தவும் குதிரையை நிறுத்தவும் அந்த ஒரு சொல்தானே. நாய் காதில் வாங்கவில்லை. பாய்ந்து போய்க்கொண்டிருந்த என் குதிரை சட்டென்று நின்றுவிட்டது.

முதலாளி ஹாலிஸ் சேணத்தில் இருந்தபடியே சொன்னார்: "பொண்டாட்டியும் கேக்கல, நாயும் கேக்கல. குதிரையாவது சொன்ன பேச்சு கேக்குதேன்னு சந்தோசப்படுய்யா!"

எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

நீ தங்கை வீட்டுக்குப் போன இந்த மூன்று வாரமாக டில்லிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் பழைய பூட்ஸின்மேல் தலைவைத்துப் படுத்திருக்கிறாள். உன் குரலுக்குத்தான் அடங்குவாள் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தீவன லாரி அந்த ஊர் வழியாகத்தான் திரும்பும், முன்சீட்டு காலி. நாய்க்காகத்தான் சொல்கிறேன்.

நீ சுட்ட ரொட்டியைப் பற்றி விருந்தாளிகளிடம் அடித்த நக்கலை இனி எங்கேயும் அடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் நாயின் காவல்காரன்

பி.கு.: ஹாலிஸிடம் எப்படியும் விசாரிப்பாய், நானே சொல்லிவிடுகிறேன். அவர் "வோ" என்றால் டில்லி அசையாமல் நிற்கிறாள். இரண்டு வேளையும் தட்டை நக்கித் துடைத்தும் விடுகிறாள்.